பதில்: பங்காளி ஏமாற்றியதிலிருந்து மனுஷ ஜென்மமே பிடிக்கவில்லை

ஏமாற்றியவர் ஒருவர், நீங்கள் தீர்ப்பு எழுதியிருப்பது மொத்த ஊருக்கும். "எல்லாரும் அப்படித்தான்" என்பதைச் சோதித்துப் பாருங்கள்.

ஒரு நோட்டில் மூன்று வாரம் எழுதுங்கள். சக ஊழியருக்கு 200 ரூபாய் கைமாற்று கொடுக்கும்முன் "திரும்பி வராது, 90%" என்று கணிப்பைக் குறித்துவிடுங்கள். பிறகு நடந்ததை எதிரே எழுதுங்கள். முதலிலேயே எழுதாவிட்டால், "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு கணக்கை மாற்றிவிடும். தொகை, போனால் போகட்டும் என்ற அளவில் இருக்கட்டும். திருப்பித் தரும் தேதியைச் சொல்லியே கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அது பொறி, சோதனை அல்ல.

2019இல் வெளியான ஓர் ஆய்வில் 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, ஹோட்டல் போன்ற இடங்களின் ஊழியர்களிடம் 'தொலைந்தவை' என்று ஒப்படைத்துப் பார்த்தார்கள். பணமில்லாதவற்றுக்கு 40%, பணமிருந்தவற்றுக்கு 51% பேர் உரிமையாளரைத் தொடர்புகொண்டார்கள். நிபுணர்களே இதை எதிர்பார்க்கவில்லை!

ராத்திரி கிரைம் ரீல்ஸை நிறுத்துங்கள். பார்க்கப் பார்க்க அதையேதான் காட்டும்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, எல்லாரும் உங்களுக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றினாலோ நோட்டு போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள்; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

பங்காளியின் செக் பவுன்ஸ் ஆனதாகவும் எழுதியிருந்தீர்கள். வங்கி தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். அதை முதலில் பாருங்கள்.