வைரஸ் தாவும் இடத்தைப் படம்பிடிப்பது எப்படி?

கேள்வி: எச்.ஐ.வி. தொற்றிய டி செல்களையும் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) தொற்றாத டி செல்களையும் கலந்து, வைரஸ் தாவுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க முயல்கிறேன். படங்களில் செல்கள் தனித்தனியாகவே கிடக்கின்றன. எங்கே தவறு? – ஓர் ஆய்வு மாணவி

பதில்: பிப்பெட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இரு டி செல்கள் ஒட்டி உருவாகும் 'வைரஸ் சினாப்ஸ்' மிக எளிதில் பிரிந்துவிடும். கலந்த பிறகு உறிஞ்சி, கழுவி, வேகமாகச் சுழற்றினால் பார்க்க வேண்டியதே கலைந்துபோகும். செல்களை ஒட்டவைக்கும் பாலிலைசின் பூசிய கண்ணாடிமீது செல்களைப் படியவிட்டு, அவற்றை அப்படியே உறையவைக்கும் குளூட்டரால்டிஹைடை அங்கேயே மெதுவாகச் சேருங்கள். தொற்றுள்ள செல்கள் என்பதால் இதை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கைச் சிக்கல். நுண்ணோக்கியில் பார்க்கச் செல்லை மெல்லியதாகச் சீவி எடுக்கும் வெட்டுத்துண்டின் தடிமன் சுமார் 70 நானோமீட்டர். டி செல்லின் விட்டமோ 7 மைக்ரோமீட்டருக்கு மேல். ஒரு செல்லுக்கே நூறு துண்டுகள் ஆகும். எடுத்த ஒன்றிரண்டு துண்டுகளில் ஒட்டுமிடம் சிக்குவது அதிர்ஷ்டம்தான். தொடர் வெட்டுகள் எடுங்கள். வசதியிருந்தால் அயனிக்கற்றையால் சீவிச்சீவிப் படமெடுக்கும் கருவியை நாடுங்கள். 2010-இல் டென்ட்ரிடிக் செல்லுக்கும் (இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்) டி செல்லுக்கும் இடையிலான சினாப்ஸின் முப்பரிமாண வடிவத்தை இந்த உத்திதான் காட்டியது.

ஒட்டுமிடம் கிடைத்ததும் அவசரப்பட்டு 'தாவுகிறது' என்று எழுதிவிடாதீர்கள். செல்கள் உறைந்து நிற்கும் படத்தில் திசை தெரியாது. சவ்வோடு இன்னும் ஒட்டியபடி பிறை வடிவில் புடைத்திருக்கும் மொட்டுதான் எந்தச் செல் வைரஸை வெளிவிடுகிறது என்பதற்கு நல்ல சான்று. இடைவெளியில் மிதப்பவற்றில், விளிம்பையொட்டிக் கரிய வளையம் தெரிந்தால் முதிராதது. கூம்பு போன்ற உட்கூடு தெரிந்தால் முதிர்ந்தது. வைரஸ் 100 நானோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவே என்பதால் ஓரத்தில் வெட்டுப்பட்டால் வெறும் குமிழியாகத் தெரிந்து ஏமாற்றும். இயக்கத்தையே பார்க்க வேண்டுமானால், வைரஸின் கட்டமைப்புப் புரதமான காக்கில் ஒளிரும் புரதத்தை இணைத்து உயிருள்ள செல்களைப் படம்பிடிப்பதே வழி.

இன்னொரு பொறி இருக்கிறது. பெறும் செல்லின் 'உள்ளே' வைரஸ் தெரிவதாலேயே அது உள்ளே போய்விட்டது என்று ஆகாது. சவ்வு குழிந்து உண்டான பை வெளியோடு தொடர்பில் இருக்கலாம். வாசல் வேறொரு துண்டில் இருக்கும். கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களில் இப்படிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். இதைச் சோதிக்க உதவும் ருத்தீனியம் ரெட் என்ற சாயம் முழுமையான சவ்வைத் தாண்டாது. ஆகவே அதன் கருமை படிந்த பை வெளியோடு இணைந்தது. அதை முதல் குளூட்டரால்டிஹைடிலேயே கலந்துவிடுங்கள். வெட்டுவதற்காகச் செல்லை ரெசின் என்ற கெட்டிப்படும் பிசினில் பதித்த பிறகு சேர்த்துப் பயனில்லை.