மற்றும் குழுவினர்

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர்கள் மூவரும் ஈசூனில் என் அறையிலேயே ஆறு தமிழ்ப் பாடல்களைப் பதிவு செய்திருக்கிறோம். இணைப்பில் கேட்கலாம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்கில் வெளியிட டிஸ்ட்ரோகிட் நல்லதா, சிடி பேபி நல்லதா? சிறிய கலைஞர்களுக்கு அங்கே காசே வராது என்பது உண்மையா?

– ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு பழைய ஒலிநாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பாடல்களை அந்தத் தளங்களில் ஏற்றித் தரும் இந்த இரண்டில் எந்த நிறுவனம் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். டிஸ்ட்ரோகிட்டுக்கு ஆண்டுச் சந்தா. அது நின்றால், தொடர்ந்து வைத்திருக்கத் தனிக் கட்டணம் செலுத்தியிராத பாடல்கள் நீக்கப்படக்கூடும். சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருமுறை கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். காசு பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குத் தொகை சேரும்.

எனக்குக் கோபம் வேறொன்றில். மூன்றாவது பாடலின் வயலின் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. வாசித்தது யார் என்று உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தால், ‘நண்பர்கள் மூவர்’ என்றுதான் இருக்கிறது. ஒருவருடைய பெயர்கூட இல்லை! கோப்பின் பெயரோ ‘ஃபைனல் 3’.

1988இல் தோ பாயோவில் ஒரு நண்பர் வீட்டில், சன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு எட்டுப் பாடல்களைப் பதிவு செய்தோம். சிராங்கூன் சாலைக் கடைகளில், விற்றால் காசு என்ற பேச்சில் நாடாக்களைக் கொடுத்தோம். தபேலா வாசித்தவர் துறைமுக வேலை முடிந்து நேராக வருவார். வெடித்த உள்ளங்கைகளில் பவுடரைத் தடவிக்கொண்டு உட்காருவார். உள்ளட்டையை எழுதியவன் நான். இடம் போதவில்லை என்று அவர் பெயரை விட்டு, ‘மற்றும் குழுவினர்’ என்று போட்டேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் வைத்து மூடி, “நல்லா வந்திருக்கு தம்பி” என்றார். சென்ற மாதம் அவருடைய மகள் என்னிடம் வந்து, அப்பா வாசித்தது எது, தன் மகனுக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்றார். அது அவர் வாசித்ததுதான் என்று சொல்ல என் நினைவைத் தவிர எங்கும் ஓர் எழுத்து இல்லை.

உங்களுக்கு இடம் போதாது என்ற சாக்கும் கிடையாது. பாடலை ஏற்றும் படிவத்திலேயே எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களைக் குறிக்கலாம். ஒருவர் பெயரை ஆங்கில எழுத்தில் எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே ஆள் இரண்டு கலைஞராகப் பிரிந்துவிடுவார். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்தெண் குறியீடு உண்டு. நிறுவனம் மாறினாலும் அதே குறியீட்டைக் கொடுங்கள். மேடையிலும் வானொலியிலும் பாடல் ஒலிக்கும்போது வரிக்கும் மெட்டுக்கும் உரிய தொகையைத் திரட்டுவது 1987இல் தொடங்கிய சிங்கப்பூரின் காம்பஸ் அமைப்பு. அதில் உறுப்பினராகிப் பாடலைப் பதியும்போது யாருக்கு எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். அதை இன்றே நால்வரும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவருக்கு மட்டுமல்லாமல் வாசித்தவருக்கும் தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தந்திருக்கிறது. நண்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

அந்த வயலினை வாசித்தவருடைய முழுப்பெயரை, அவர் எழுதும் எழுத்திலேயே, எனக்கு அனுப்புங்கள்.