வாடகையே கடனைக் கட்டிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 40. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பட்டர்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் தெரஸ் வீட்டுக்கு இன்னும் கடன் ஓடுகிறது. கையில் 70,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பாயான் லெப்பாஸில் 450,000 வெள்ளிக்கு ஒரு கொண்டோ பார்த்தேன். மாதம் 1,600 வாடகை வரும், கடனை அதுவே அடைத்துவிடும் என்கிறார் ஏஜென்ட். மகள் படிவம் 2 படிக்கிறாள். அவள் மேற்படிப்புக்குப் போகும்போது விற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இந்தத் திட்டத்தோடு வாங்க வேண்டாம்.

ஏஜென்ட் பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். 90 விழுக்காடு கடன், அதாவது 405,000 வெள்ளி, 4 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக்கு எடுத்தால் தவணை ஏறக்குறைய 1,933. பராமரிப்புக் கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்குச் சேர்க்கும் நிதி) சேர்த்து 330 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,263 போகிறது, 1,600 வருகிறது. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் (கிடக்கும்!) சராசரியாக மாதம் 800 வெள்ளி உங்கள் சம்பளத்திலிருந்து போகும். சுக்காய் பிந்து (வீட்டு வரி), ஏர்கோன் ரிப்பேர் எல்லாம் இதில் இல்லை. முதல் தவணையில் 583 வெள்ளி அசலில் கழியும். அது உங்கள் சேமிப்புதான். ஆனால் மீதி 1,350 வெறும் வட்டி.

70,000 என்னவாகும்? முன்பணம் 45,000, பெயர் மாற்ற முத்திரை வரி 8,000, கடன் பத்திரத்துக்கு 2,025. வழக்கறிஞர் கட்டணம் தனி. அப்புறம் கட்டில், வாஷிங் மெஷின், ஏர்கோன் போட்டால்தான் ஆள் வருவார்கள். வேலைக்கு ஏதாவது ஆனால் சமாளிக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எனக்கு அதிகம் உறுத்துவது மகள் படிப்புக்கு விற்பது என்ற யோசனைதான். வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு வரி இல்லை. உங்கள் மகள் அதற்கு முன்பே கல்லூரி வாசலில் நிற்பாள். அவசரமாக விற்கிறீர்கள் என்று தெரிந்தால் வாங்க வருபவரும் விலையை அடித்துப் பேசுவார்.

பராமரிப்பு போக, வாடகை ஆண்டுக்கு 15,240 வெள்ளி. வீட்டு விலையில் இது 3.4 விழுக்காடு, கடன் வட்டியைவிடக் குறைவு. ஆக, விலை ஏறினால்தான் உங்களுக்கு லாபம். 2024க்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கொடுத்த ஈவு 6.3 விழுக்காடு. விருப்பச் சந்தாவாக ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை அங்கே போடலாம். ஆனால் அதில் 75 விழுக்காடு ஓய்வுகாலக் கணக்கில் பூட்டப்பட்டுவிடும். மகள் படிப்புப் பணத்தை அங்கே போடாதீர்கள். அதற்கு ஃபிக்ஸட் டெபாசிட் போதும். உங்கள் வீட்டுக் கடன் ஃப்ளெக்ஸி வகை என்றால் அதிலேயே போட்டு வையுங்கள்: வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

மகள் படிப்பு முடிந்த பிறகும் ஆசை இருந்தால், பத்து ஆண்டு வைத்திருக்கிற எண்ணத்தோடும் ஆறு மாதத் தவணை கையிருப்போடும் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஏஜென்ட் இல்லாமல் போய், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் நோட்டீஸ் போர்டையும் படியுங்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகளின் எண்களை அங்கே ஒட்டியிருந்து, அந்தப் பட்டியல் இரண்டு பக்கம் ஓடினால், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.