தம்பியின் வீடியோ யார் கண்ணிலும் படாதது ஏன்?

அம்மா, நேற்று சுங்கை சிப்புட் பசாரில் பார்த்தபோது அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் தேர்வு முடித்த மகன் நாள் முழுக்கக் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான், போடும் வீடியோவை 40 பேர்கூடப் பார்ப்பதில்லை, இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டீர்கள்.

தம்பியின் யூடியூப் சேனலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் புல்வெட்டும் மெசினைப் பிரித்து, கார்புரேட்டரைக் கழுவி, மறுபடி ஓட வைக்கிறான். வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் தலைப்பு ‘எங்க தோட்டம், பாகம் 3’. மெசின் ஓடாமல் தவிக்கிறவர் இதையா தேடுவார்? ‘மெசின் ரும்புட் தக் போலே ஹிடுப்’ (புல்வெட்டும் மெசின் ஓடவில்லை) என்று மலாயில் தட்டுவார், நம்மவர்களில் பலர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். அந்தச் சொல்தான் தலைப்பில் முதலில் வர வேண்டும். 100 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் கைப்பேசித் திரையில் நீளத் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டுவிடும். டேக், அதாவது வீடியோவோடு தனியாகச் சேர்க்கும் குறிச்சொற்கள், போடுவதில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம், அதற்குப் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது. அந்த நேரத்தில் என்ன பழுது, எந்த மாடல், என்ன சாமான் என்பதை விவரக் குறிப்பின் முதல் இரண்டு வரியில் எழுதட்டும். அப்புறம், ஆள் சேர்க்கப் பொய்த் தலைப்பு வைக்கவே கூடாது; ஏமாந்தவர் உடனே போய்விடுவார், யூடியூப் அதையும் கவனிக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். மக்கள் எந்த வார்த்தையில் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை உண்டு, அதிலும் மூன்று மொழி பேசும் நம் பிள்ளைக்கு அது பெரிய பலம். ஆனால் விளம்பரப் பணத்தை நம்பிப் படிப்பை விட்டுவிடக் கூடாது, அம்மா. அதற்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோ என்றால் கணக்கு வேறு. அரசு உயர்கல்விக்கான பொது விண்ணப்ப முறையான யுபியூ வழியாகப் பொலிடெக்னிக்கிலோ கோலேஜ் கொமுனித்தி எனும் சமூகக் கல்லூரியிலோ கணினி சார்ந்த படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும், சேனலும் பக்கத்தில் ஓடட்டும்.

இந்த வாரம் அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். என்ன தேடி ஆட்கள் வந்தார்கள் என்பது சேனல் வைத்திருப்பவர் கணக்குப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவில் தெரியும். ஒரு மாதம் கழித்து அதை எடுத்துக்கொண்டு தம்பியை என்னிடம் அனுப்புங்கள்.