யுபிஐ ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம்

அண்ணா, மளிகைக் கடையில் வருடம் 36 லட்சம் ஓடுகிறது, வரி நோட்டீஸுக்குப் பயந்து யுபிஐயை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கல்லாவில் போட்டாலும் பேங்க்கில் விழுந்தாலும் விற்பனை விற்பனைதான். தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு வருடம் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு (வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் கதை வேறு).

வருமான வரியில் யுபிஐ உங்களுக்கு லாபம். ஆடிட்டர்கள் 44ஏடி என்று சொல்லும் முறையில் கணக்குப் புத்தகம் எழுதாமலே, ரொக்க விற்பனையில் 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். 2016 பணமதிப்பிழப்பை ஒட்டி வந்த சலுகை இது. 36 லட்சமும் ரொக்கமென்றால் 2,88,000 ரூபாய். யுபிஐ என்றால் 2,16,000. உண்மையான லாபம் இதைவிட அதிகமென்றால் அதையே காட்டுங்கள். நடுவில் இந்த முறையை விட்டு விலகினால் ஐந்து வருடம் திரும்ப வர முடியாது, அதில் கவனம்.

நாளைக்கே 40 லட்சம் தாண்டினாலும் பதற வேண்டாம். காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் சேர்ந்தால் விற்பனையில் 1 சதவீதம்தான் வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. அப்புறம், வீட்டுச் செலவுக்கு வரும் பணத்துக்கு வேறு யுபிஐ கணக்கு வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணமும் விற்பனையாகத் தெரிந்துவிடும்.