பக்கத்து மருத்துவமனையில் எலும்பு டாக்டர் இல்லை; விபத்து நடந்தால் என்ன செய்வது?

கேள்வி: நெவாடாவில், லாஸ் வேகஸிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சிற்றூரில் இருக்கிறோம். கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. மகன் போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினான். இங்கே இருக்கிற ஒரே மருத்துவமனையின் எலும்பு அறுவை நிபுணர் வேலையை விட்டுப் போய்விட்டார். மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் (தவறான சிகிச்சை என்று டாக்டர் மீது வழக்கு வந்தால் இழப்பீடு கட்டும் காப்பீடு) பிரீமியம் கட்டி மாளவில்லை, அதனால்தான் என்கிறார்கள். இது உண்மையா, சாக்கா? நாளைக்கு ஒரு விபத்து என்றால் ‘டாக்டர் இல்லை, வேறு இடம் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: திருப்பி அனுப்ப முடியாது. எம்டாலா என்ற 1986ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, எமர்ஜென்சி வைத்திருக்கும் மருத்துவமனை வாசலுக்கு வந்தவரைப் பரிசோதித்தாக வேண்டும். தன்னால் முடிந்த அளவுக்கு நிலைப்படுத்தியாக வேண்டும். காப்பீடு இருக்கிறதா, கையில் பணம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். ஆனால் உங்கள் மகனுக்குத் தேவையான டாக்டர் அந்த ராத்திரி அங்கே இருப்பார் என்று அந்தச் சட்டம் உறுதி தரவில்லை. எல்லாத் துறையிலும் 24 மணி நேரமும் ஆள் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை 2003இல் வந்த விதிகளே தெளிவாக்கின. பிரீமியம் பிரச்சினை நுழைவது இந்த இடைவெளியில்தான்.

மருத்துவமனை நிர்வாகத்தில் நான் இருந்தபோது எமர்ஜென்சி மேசைக்கு மேலே ஆன்-கால் பட்டியல், அதாவது எந்த நாளில் எந்த டாக்டரைக் கூப்பிட்டால் வருவார் என்ற பட்டியல், ஒன்று ஒட்டியிருக்கும். இடப்பக்கம் துறைகள், மேலே தேதிகள், கட்டத்துக்குள் டாக்டர் பெயர். ஒரு அறுவை நிபுணர் விலகியதும் மருத்துவமனை மூடிவிடாது. பட்டியலில் சில கட்டங்கள் காலியாகும். முதலில் சனிக்கிழமை இரவுகள், பிறகு நீண்ட விடுமுறைகள். விபத்துகள் அதிகம் நடக்கிற நாட்களும் அவைதான். வெளியே விளக்கு எரியும், ‘எமர்ஜென்சி’ பலகை அப்படியே இருக்கும். உள்ளே நர்ஸ் அந்தக் காலிக் கட்டத்தில் பென்சிலால் ‘வேறு இடத்துக்கு அனுப்பவும்’ என்று எழுதியிருப்பார்.

ஏன் காலியாகிறது? பிரீமியம் நோயாளிக் கணக்கில் இல்லை. எந்தத் துறை, எந்த ஊர், என்னென்ன அறுவை செய்கிறார் என்பதைப் பார்த்து ஆண்டுக்கு இவ்வளவு என்று வைக்கிறார்கள். ஊருக்கு ஊர் வித்தியாசம் பயங்கரமானது: 2002இல் பொது அறுவை நிபுணர் ஒருவருக்கு ஃப்ளோரிடாவின் டேட் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) அடிப்படை பிரீமியம் 1,74,300 டாலர்; மினசோட்டாவில் ஒரு நிறுவனம் வாங்கியது 10,140 டாலர்தான். இவ்வளவு கட்டுகிறவர் எந்த வேலையில் ஆபத்து அதிகம், வரவு குறைவு என்று பார்ப்பார். கண் எதிரே நிற்பது விபத்துக் கேஸ்தான். ஆள் மயக்கத்தில், பழைய நோய் விவரம் தெரியாது, டாக்டருக்கும் அவருக்கும் முன்பின் பழக்கம் இல்லை, எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கால் போகலாம், உயிர் போகலாம். பல பேருக்குக் காப்பீடே இருக்காது. பகலில் முழங்கால் மாற்று அறுவை செய்து நிம்மதியாக இருக்கலாமே என்று அவர் நினைப்பதில் என்ன ஆச்சரியம்? நரம்பியல் அறுவை நிபுணர்கள் சிலர் மண்டையைத் திறக்கிற வேலையையே விட்டுவிட்டு முதுகெலும்போடு நிறுத்திக்கொண்டதும் இப்படித்தான்.

உங்கள் மாநிலத்திலேயே இது உச்சத்துக்குப் போனது. 2001 டிசம்பரில் செயின்ட் பால் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் நாடு முழுக்க இந்தத் தொழிலையே விட்டு விலகியது. லாஸ் வேகஸ் டாக்டர்களில் பெரும் பகுதிக்கு அதுதான் காப்பீடு. வேறு நிறுவனங்கள் கேட்ட பிரீமியம் எகிறியது. எலும்பு அறுவை நிபுணர்கள் பலர் ட்ராமா பணியிலிருந்து, அதாவது பலத்த காயங்களுக்கான அவசர சிகிச்சையிலிருந்து, விலக, 2002 ஜூலை 3ஆம் தேதி, ஜூலை 4 விடுமுறைக்கு முந்தைய நாள், லாஸ் வேகஸில் உள்ள யுனிவர்சிட்டி மெடிக்கல் சென்டர் மருத்துவமனையின் ட்ராமா பிரிவு மூடப்பட்டது. அப்போது நெவாடாவுக்கே அது ஒன்றுதான் லெவல் 1, அதாவது மிக உயர்ந்த தர, ட்ராமா மையம். பத்து நாள் பூட்டு. திறந்த விதம்தான் வேடிக்கை: டாக்டர்களைத் தற்காலிகமாகக் கவுன்டி ஊழியர்கள் ஆக்கினார்கள். அரசு ஊழியர் மீதான வழக்கில் இழப்பீட்டுக்கு அப்போது 50,000 டாலர் வரம்பு. பிரச்சினை மருத்துவம் சம்பந்தப்பட்டதே இல்லை, யார் பெயரில் வழக்கு விழும் என்பதுதான் என்பது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அடுத்த சில வாரங்களில் சட்டமன்றச் சிறப்புக் கூட்டம் கூடி, வலி, மன வேதனைக்கான இழப்பீட்டுக்கு 3,50,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. ட்ராமா மையங்களில் அவசரமாகத் தரும் சிகிச்சைக்குத் தனியாக 50,000 டாலர் வரம்பு. அப்பட்டமான அலட்சியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. (மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் 3,50,000 வரம்புக்குள் வராது. பொது வரம்பை 2023இல் படிப்படியாக உயர்த்தவும் சட்டம் வந்துவிட்டது.)

அப்படியானால் எல்லாப் பழியும் பிரீமியத்துக்கா? அங்கேதான் நான் கொஞ்சம் தயங்குவேன். 2003இல் கூட்டரசின் தணிக்கை அலுவலகம் பிரச்சினை இருப்பதாகச் சொல்லப்பட்ட ஐந்து மாநிலங்களில் விசாரித்தது. நெவாடாவும் அதில் ஒன்று. அவசர அறுவை, பிரசவம் இரண்டிலும் சில இடங்களில் சிகிச்சை நிஜமாகவே குறைந்திருந்தது. ஆனால் அவை பெரும்பாலும் கிராமப்புறங்கள். ஏற்கெனவே டாக்டர்கள் வந்து தங்காத ஊர்கள். பல புகார்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என் அனுபவமும் இதுதான். சிற்றூரில் ஒரே எலும்பு டாக்டர் என்றால் மாதம் முப்பது ராத்திரியும் போன் அவருக்குத்தான். பிரீமியம் கடைசி அடியாக இருந்திருக்கலாம். முதல் அடி தூக்கமின்மை. இன்றைக்கு ஆன்-கால் வருவதற்கே மருத்துவமனைகள் தனியாகப் பணம் கொடுக்கின்றன. காலிக் கட்டத்தை நிரப்புவதில் உச்சவரம்பைவிட இதற்குத்தான் பலன் அதிகம் என்பேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

பலமான அடி என்றால் உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். 911 கூப்பிடுங்கள். காயத்தைப் பார்த்து நேரே ட்ராமா மையத்துக்குப் போகலாமா, ஹெலிகாப்டர் வேண்டுமா என்று முடிவு செய்ய ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழிமுறை இருக்கிறது. நீங்களாகப் போனால் அந்த முடிவு ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். ட்ராமா மையத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கு இறக்கும் அபாயம் மற்ற மருத்துவமனைகளைவிட 25 சதவீதம் குறைவு என்று 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

அதற்கு முன்னால், ஒன்றும் நடக்காத ஒரு நாளில் உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: ட்ராமா லெவல் ஏதாவது உண்டா, எலும்பு அறுவைக்கு எந்தெந்த இரவுகளில் ஆள் உண்டு, தலைக்காயம் என்றால் எங்கே அனுப்புவீர்கள், காற்று பலமாக அடித்து ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் என்ன ஏற்பாடு? பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு பதில்தான்.

நிஜமாகவே எமர்ஜென்சியில் நிற்கும்போது ஒரே கேள்வி: “வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்குமா? அங்கே எந்த டாக்டர் ஏற்றுக்கொண்டார்?” சிறப்பு வசதியும் இடமும் இருக்கிற மருத்துவமனை ஏற்க மறுக்கக் கூடாது என்பதும் அதே எம்டாலா சட்டம்தான். மாற்றும்போது நீட்டுகிற படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘மாற்றுவதில் நன்மை அதிகம்’ என்று டாக்டர் சான்றளித்து அனுப்புவது ஒன்று. ‘நோயாளியே கேட்டுக்கொண்டதால்’ அனுப்புவது வேறு. நீங்கள் கேட்காமலே இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் படங்கள் கூடவே போகிறதா என்று பாருங்கள். கணவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரென்றால் அந்தப் பெயர் உங்கள் போனில் இருக்கட்டும்.

பில் விஷயம் கடைசியாக. 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள கூட்டரசுச் சட்டப்படி, உங்கள் காப்பீட்டு நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தம் வைத்திருக்கும் பட்டியலில்) இல்லாத மருத்துவமனையில் அவசர சிகிச்சை பெற்றாலும், ஹெலிகாப்டரில் போனாலும், நெட்வொர்க்கில் இருந்தால் எவ்வளவு கட்டுவீர்களோ அதற்கு மேல் கேட்க முடியாது. சாலை ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் அடங்காது. எந்தப் பில் வந்தாலும் காப்பீட்டு நிறுவனத்தின் விளக்கக் கடிதம் வந்து சேரும்வரை பணம் கட்டாதீர்கள்.