கணினிக் கேள்வி–பதில்: கையில் இருக்கும் கார்டுக்கு எந்த மொனிட்டர்?

கேள்வி: அண்ணா, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். என் கணினியில் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட், ரைசன் 5 5600 புரொசெசர், 16 ஜிபி ரேம் இருக்கின்றன. மொனிட்டர் மட்டும் பழையது: 24 அங்குலம், 1080பி (1920×1080 புள்ளிகள்), 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 முறை படம் மாறும்). கட்டாரில் இருக்கும் மாமா புது மொனிட்டருக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறார். எனக்கு 27 அங்குலத்தில் 1440பி, 165 ஹெர்ட்ஸ் வாங்க ஆசை. கூட்டாளிமாரோ '4060 ஒரு 1080பி கார்ட், 1440பியில் மூச்சு வாங்கும், முதலில் கார்டை மாற்று' என்கிறார்கள். இன்னொருவன் 4கே எடு என்கிறான். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, 1440பி மொனிட்டரையே வாங்குங்கள். கார்டை மாற்ற வேண்டாம். ஆனால் என் சொல்லை மட்டும் நம்பி மாமாவின் காசைச் செலவழிக்கவும் வேண்டாம். இன்றிரவே உங்கள் கணினியில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம், அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

என்விடியா கன்ட்ரோல் பனலைத் திறந்து 3டி செட்டிங்ஸுக்குப் போங்கள். அங்கே 'டிஎஸ்ஆர் பெக்டர்ஸ்' என்றொரு வரி இருக்கும். அதில் 1.78 என்பதைத் தெரிவு செய்து சேமியுங்கள். இப்போது நீங்கள் விளையாடும் கேமின் திரை அளவுப் பட்டியலில் 2560×1440 புதிதாக வந்திருக்கும். கேமை முழுத்திரையில் வைத்து அதைத் தெரிவு செய்தால், கார்ட் படத்தை 1440பியில் வரைந்து, பிறகு சுருக்கி உங்கள் 1080பி மொனிட்டரில் காட்டும். கார்டுக்கு விழும் வேலை, புது மொனிட்டர் வந்தால் விழப்போகும் அதே வேலைதான். வி-சிங்க்கை (பிரேமை மொனிட்டரின் வேகத்துக்கு மட்டுப்படுத்தும் வசதி) நிறுத்திவிட்டு, என்விடியா செயலி இருந்தால் ஆல்ட் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள். பிரேம் எண்ணிக்கை (கார்ட் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது) திரையின் மூலையில் ஓடும். கேமின் முதல் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டாம். சனம் நிறைந்த தெரு, மழை, வெடிச் சண்டை என்று எங்கே கனமாக இருக்குமோ அங்கே போய்ப் பாருங்கள். அங்கே தெரியும் எண்தான் உங்களுக்கு வேண்டிய பதில். கூட்டாளிமார் வேறு கணினியில், வேறு கேமில் கண்டதைச் சொல்கிறார்கள். இது உங்கள் கணினி சொல்வது.

1.78 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. 1080பி திரையில் 20,73,600 புள்ளிகள், 1440பியில் 36,86,400. ஏறக்குறைய 1.78 மடங்கு. அதற்காகப் பிரேமும் அதே அளவுக்குச் சரியாது. புரொசெசரின் வேலை திரை அளவோடு கூடுவதில்லை, கார்டின் வேலையிலும் ஒரு பகுதி புள்ளிகளோடு சேர்ந்து கூடுவதில்லை. ஆகவே 1080பியில் 100 பிரேம் வரும் இடத்தில் 1440பியில் 56 தான் வரும் என்று கணக்குப் போட்டுப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும்.

இனி டிஎல்எஸ்எஸ்: சிறிய அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் என்விடியா வசதி. உங்கள் கேள்விக்கு முக்கியமான விடயம் இதுதான், கூட்டாளிமார் கணக்கில் எடுக்காததும் இதைத்தான். 1440பி திரையில் டிஎல்எஸ்எஸ்ஸை 'குவாலிட்டி'யில் வைத்தால் கார்ட் உண்மையில் வரைவது 1707×960 அளவுப் படத்தை. கிட்டத்தட்ட 16 லட்சம் புள்ளிகள். இப்போது உங்கள் 1080பி மொனிட்டருக்கு வரைவதைவிடக் குறைவு! மீதியை முந்தைய பிரேம்களில் கிடைத்த தகவலையும் அசைவுகளையும் வைத்து அது நிரப்புகிறது. அந்த நிரப்பும் வேலைக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால் மிச்சம் முழுவதும் கையில் வராது. ஆனாலும் கடைசியில் கிடைக்கும் பிரேம் எண்ணிக்கை, நீங்கள் இப்போது 1080பியில் பார்ப்பதற்குப் பக்கத்தில்தான் நிற்கும். எழுத்துகளும் வரைபடமும் முழு 1440பியிலேயே வரையப்படும், அதனால் அவற்றின் தெளிவு குறையாது. இதையும் டிஎஸ்ஆர் சோதனையிலேயே சேர்த்துப் பார்த்துவிடலாம்.

உங்கள் கார்டில் நான் உண்மையாகவே கவலைப்படும் இடம் ஒன்று உண்டு: 8 ஜிபி நினைவகம். புதிதாக வரும் பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) 'அல்ட்ரா'வில் வைத்தால் அது நிரம்பிவிடும். நிரம்பினால் சராசரி எண் அழகாகவே இருக்கும், ஆனால் படம் இடைக்கிடை ஒரு கணம் நின்று போகும். சில கேம்கள் நிற்காமல் ஓடும், ஆனால் சுவர்களும் முகங்களும் கூழ் மாதிரித் தெரியும். அப்படிக் கண்டால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள். 'ஹை'க்கும் 'அல்ட்ரா'வுக்கும் வித்தியாசத்தைப் பெரும்பாலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அடுத்ததாகக் குறைக்க வேண்டியவை நிழல், புகை மூட்டம், ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரைவது). பிரேம் ஜெனரேஷன் (இடையே கூடுதல் பிரேம்களைச் செருகுவது) என்று 4060இல் இருக்கும் வசதியை, அது இல்லாமலே 60 பிரேம் வரும் இடங்களில் மட்டும் பாவியுங்கள். அதற்கும் நினைவகம் வேண்டும், கைக்கும் திரைக்கும் இடையிலான தாமதத்தையும் அது குறைக்காது.

4கே வேண்டாம். புள்ளிகள் 82,94,400, உங்கள் இப்போதைய திரையைப் போல நான்கு மடங்கு. டிஎல்எஸ்எஸ் 'பெர்பார்மன்ஸ்' 1080பியில் வரைந்து அதை 4கே ஆக்கித் தரும், உண்மைதான். ஆனால் 4கே ஆக்கும் வேலையே பெரிது, அதற்கு மேல் 8 ஜிபி அங்கே மிகவும் இறுக்கமாகிவிடும். புதுக் கேம் வரும்போதெல்லாம் செட்டிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

27 அங்குலத்தில் 1080பி மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கமும் போக வேண்டாம். அதில் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான், உங்கள் பழைய 24 அங்குலத்தில் 92. காசு கொடுத்துத் தெளிவைக் குறைத்துக்கொள்வீர்கள். 27 அங்குல 1440பியில் 109.

வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது, ஜி-சிங்க் கம்பேட்டிபிள் அல்லது பிரீசிங்க் வசதி. நடுத்தரக் கார்ட் வைத்திருப்பவருக்கு 165 என்ற எண்ணைவிட இது பெறுமதி. பிரேம் 95, 70, 82 என்று ஏறி இறங்கினாலும் மொனிட்டரும் கூடவே தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். படம் கிழியாது, தடுக்காது. கடையில் கேட்டு, பெட்டியிலும் பாருங்கள். கொழும்பில் வாங்கி பஸ்ஸில் கொண்டு வருவதானால் பெட்டியை நிமிர்த்தியே வைத்து வாருங்கள். படுக்க வைத்து மேலே ஒருவர் பையைப் போட்டுவிட்டால் பனல் போய்விடும்.

கேள்வி: அண்ணன், 1440பி 165 ஹெர்ட்ஸ் மொனிட்டர் வாங்கிவிட்டேன். கார்ட் ஆர்எக்ஸ் 6600. கேமில் பிரேம் குறைந்ததால் திரை அளவை 1080பிக்கு மாற்றினேன். இப்போது எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. 60க்கு மேல் போவதாகவும் தெரியவில்லை. மொனிட்டர் பழுதா?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: மொனிட்டர் பழுதில்லை தம்பி. 1440ஐ 1080ஆல் வகுத்தால் 1.33 வருகிறது. ஒரு புள்ளியை ஒன்றேகால் புள்ளிக்குக் கொஞ்சம் கூடுதலாக விரிக்க மொனிட்டருக்கு வழியில்லை, ஆகவே பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து பூசிவிடுகிறது. திரை அளவை 1440பிக்கே திருப்புங்கள். பிறகு கேமுக்குள் எப்எஸ்ஆர் (டிஎல்எஸ்எஸ் போன்ற ஏஎம்டியின் வசதி) இருந்தால் 'குவாலிட்டி'யில் வையுங்கள். அது இல்லாத கேம்களில் 'ரெண்டர் ஸ்கேல்' என்று இருக்கும், அதை 80 அல்லது 75 வீதத்துக்கு இறக்குங்கள். இரண்டிலும் எழுத்துகள் கூர்மையாகவே நிற்கும். இரண்டுமே இல்லாத பழைய கேம் என்றால் ஏஎம்டி மென்பொருளில் 'ரேடியன் சூப்பர் ரெசொலூஷன்' இருக்கிறது, சிறிய படத்தைப் பெரிதாக்கும் வேலையை அது செய்யும்.

60 பற்றி: விண்டோஸ் பல வேளைகளில் புது மொனிட்டரை 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவிடும். டிஸ்பிளே செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குப் போய் நீங்களே 165 ஆக்க வேண்டும். அங்கே 165 இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ கேபிளை விட்டுவிட்டு டிஸ்பிளேபோர்ட் கேபிளைப் போடுங்கள், பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே ஒன்று இருக்கும். கேபிளின் மறுமுனை கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்பதையும் பாருங்கள். என்னிடம் 'கார்ட் வேலை செய்யவில்லை' என்று வரும் கணினிகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. கணினிப் பெட்டியின் பின்பக்க ஆணிகள் துருப்பிடித்துவிட்டன. 1440பிக்கு மாறினால் கார்ட் கூடச் சூடாகுமாமே, இந்த வெக்கையில் தாங்குமா?
– ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, சூட்டைவிட உப்பைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். கடற்காற்றில் வரும் உப்புத் தூள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு செம்பையும் இரும்பையும் அரிக்கும். கணினியைக் கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே வைக்க வேண்டாம், உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். நாட்கணக்காக நிறுத்தியே வைப்பதும் நல்லதல்ல. வாடைக்காற்று மாதங்களில் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், உள்ளே உலரும். தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், காய்ந்த தூரிகை போதும்.

சூட்டைப் பொறுத்தவரை, கார்ட் தாங்கும். ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் அறையே 34, 35 பாகையில் இருக்கும்போது அதை முழுமூச்சில் ஓட விடுவதில் பயனில்லை. கார்டின் மென்பொருளில் பிரேம் எல்லை வைக்கும் வசதி இருக்கிறது. கதைக் கேம்களுக்கு 75 அல்லது 80 என்று வைத்துவிடுங்கள். அதற்கு மேல் வரையும் வேலை நிற்பதால் சூடும் இறங்கும், விசிறிச் சத்தமும் இறங்கும், மின்சாரக் கட்டணமும் கொஞ்சம் குறையும். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து விளையாடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் அது உப்புக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. மகன் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். 1440பி மொனிட்டர் கேட்கிறான், அதோடு 'இந்தக் கார்டுக்கு அது சரிவராது, கார்டும் வேண்டும்' என்கிறான். இப்போது இருப்பது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். இரண்டையும் ஒன்றாக வாங்கும் நிலையில் நான் இல்லை. அவன் சொல்வது சரியா?
– ஒரு தாய், தம்பலகாமம்

பதில்: டீச்சர், மகன் சொல்வதில் பாதி சரி. 1660 சூப்பர் 2019இல் வந்த கார்ட், நினைவகம் 6 ஜிபி, டிஎல்எஸ்எஸ் கிடையாது. புதிய பெரிய கேம்களை அதில் 1440பியில் விளையாடுவது கஷ்டம். ஆனால் வாலரன்ட், டோட்டா மாதிரியானவை ஓடும். எப்எஸ்ஆர் இந்தக் கார்டிலும் வேலை செய்யும் என்பதால் மற்றவற்றிலும் கொஞ்சம் சமாளிக்கலாம். முதல் பதிலில் சொன்ன டிஎஸ்ஆர் சோதனையை இந்தக் கார்டிலும் செய்யலாம். அதை உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

முதலில் மொனிட்டரை வாங்கிக் கொடுங்கள். அது படிப்புக்கே உதவும்: ஒரு பக்கத்தில் குறிப்பு, மறுபக்கத்தில் புரோகிராம் என்று இரண்டையும் திறந்து வைக்க இடம் இருக்கும், எழுத்தும் தெளிவு. அந்த வேலைக்கு இருக்கும் கார்டே தாராளம். நல்ல மொனிட்டர் இரண்டு கார்டுகளின் காலத்துக்குப் பாவிக்கும், முன்கூட்டி வாங்குவதில் நட்டமில்லை. கார்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும் நாள் வரும்போது இரண்டு விடயங்கள். பவர் சப்ளையின் வாட் அளவையும் அதில் கார்டுக்கான இணைப்புகள் எத்தனை என்பதையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் தனியாகக் காசு தேவைப்படலாம். மற்றது நினைவகம். 1440பிக்குப் புதிதாக ஒரு கார்ட் வாங்குவதென்றால் 12 அல்லது 16 ஜிபி உள்ளதாகப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வருகின்றன. பெட்டி பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். பெயரை மட்டும் சொல்லி விலை கேட்டால் கடைக்காரர் 8 ஜிபியின் விலையைச் சொல்லக்கூடும். பில்லில் 16 ஜிபி என்று எழுதி வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.